அளவு ஜாக்கெட்

மார்ச் 28

மாரி கடைக்கு மோட்டார் கம்பெனிக்காரன் கொடுத்த ஓசி டைரி இது. மூணு மாசமா டிவி மேல தூசி குடிச்சிட்டுக் கிடந்துச்சு. "வாய்ல வர்றதை எல்லாம் ஊர்ல கொட்டாம இதுல கொட்டுக்கா, ஊருக்கும் நல்லது, உனக்கும் நல்லது"ன்னு கையில திணிச்சான். அவன் வாய்க்கொழுப்பை முதல் பக்கத்துலயே எழுதி வச்சாச்சு.

நான் சண்முகக்கனி. கோவில்பட்டியில இட்லி மாவு ஆட்டி விக்கிறேன். தம்பி மாரிக்கண்ணு வீட்டுல இருக்கேன். தப்பு. தம்பிதான் என் வீட்டுல இருக்கான். அம்மா போனதுக்கு அப்புறம் அவனை வளர்த்து, மோட்டாருக்குக் காயில் கட்டுற தொழில் படிக்க வச்சு, செண்பகத்தைக் கட்டி வச்சு, எல்லாம் நான்தான். கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. செண்பகம் பொம்பளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர். தங்கமான பிள்ளை. ஒரே ஒரு கிறுக்கு உண்டு. இந்தக் கரிசக்காட்டு வெயில்ல கழுத்து வரைக்கும் ஜிப்பு போட்ட கோட்டு ஒண்ணை மாட்டிக்கிட்டே திரிவா. கேட்டா "வெயில் பட்டா கறுத்துருவேன் மதினி"ம்பா. இனிமே கறுக்கிறதுக்கு என்ன இருக்கு அவகிட்ட!

பங்குனித் திருவிழாவுக்கு அவளுக்கு ஒரு சேலை எடுத்தேன், மாம்பழக் கலரு. ஜாக்கெட்டும் தைச்சே கொடுத்து அசத்திருவோம்னு, அவ பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து பீரோவுல இருந்து அவ அளவு ஜாக்கெட்டை எடுத்துட்டேன். உடம்புக்குக் கச்சிதமா இருக்கிற ஒரு பழைய ஜாக்கெட்டை எல்லாப் பொம்பளையும் டெய்லருக்குக் காட்டன்னே வச்சிருப்பாள்ல, அதுதான். நேரா டெய்லர் கிரேஸ்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கும் ஒண்ணு தைக்கக் கொடுத்தேன், எப்பவும் போல எங்க அம்மா ஜாக்கெட் அளவுக்கு. "உங்களுக்கு இது தொளதொளன்னு கிடக்கேக்கா, இந்தத் தடவையாவது டேப்பு வச்சு அளந்துருவோமே"ன்னா கிரேஸ். "தைக்கச் சொன்னா தையி"ன்னுட்டு வந்துட்டேன்.

மார்ச் 31

கிரேஸ் மாவு வாங்குற மாதிரி வந்தா. வந்தவ அடுப்படி வரைக்கும் வந்துட்டா.

"அக்கா, செண்பகம் ஜாக்கெட்டைப் புரட்டிப் பார்த்தேன். உள்ளுக்குள்ள பஞ்சு வச்சுத் தைச்சிருக்கு, கைத்தையலு. புதுசுலயும் வைக்கவா?"

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. பி.டி. டீச்சருக்கு என்னட்டி மினுக்குன்னு நினைச்சேன்.

"ஒரு பக்கம்தான்க்கா இருக்கு. இடது பக்கம். மூணு மடிப்பு. வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. ரெண்டு பக்கமும் வைக்கணுமா, ஒண்ணு மறந்துபோச்சான்னு கேக்கத்தான் வந்தேன்."

கோவம் அப்படியே அவிஞ்சு போச்சு. "எதையும் வைக்காத. வாயையும் திறக்காத. இதைப் பத்தி ஒரு வார்த்தை வெளிய வந்துச்சு, உன் மெஷினைத் தூக்கிக் கெணத்துல போட்ருவேன்"னு சொல்லி ஜாக்கெட்டைப் பிடுங்கி வச்சேன்.

சாயங்காலம் செண்பகம் பீரோவைக் கவுத்துப் போட்டுத் தேடிட்டு இருந்தா. நெத்தியெல்லாம் வேர்வை. "நான்தான் எடுத்தேன்"னு நீட்டினேன். வாங்கி நெஞ்சோட வச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா.

ஏப்ரல் 1

அவ சொன்னதை எழுதுறேன். எழுதினாத்தான் எனக்கே விளங்கும்.

வயசுக்கு வந்த பிறகு வலது பக்கம் எல்லாரையும் போல வளர்ந்திருக்கு. இடது பக்கம் வளரவே இல்ல. டாக்டர்கிட்டக் காட்டினதுக்கு, கல்யாணம் ஆனா சரியாப் போயிரும்னாராம். நல்ல டாக்டரு! அவ அம்மாதான் முதல்ல பஞ்சு வச்சுத் தைச்சுக் கொடுத்தது. அப்புறம் இவளே தைக்கப் பழகிட்டா. கோட்டுக்குக் காரணம் இப்பத்தான் தெரியுது. நான் கறுப்பு கிறுப்புன்னு கேலி பண்ணிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

"மாரிக்குத் தெரியுமாட்டி?"ன்னு கேட்டேன்.

பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே மொட்டைமாடியில வச்சுச் சொல்லிட்டாளாம். அதுக்கு இந்தப் பய, "மோட்டார்ல நான் மூடியைப் பாக்க மாட்டேன், ஓட்டத்தைத்தான் பாப்பேன்"னானாம். நாலு வருஷமா என்கிட்டக்கூட மூச்சு விடல. என் தம்பி! கோவில் மணி மாதிரி இருக்கிற என் வாய்க்குப் பக்கத்துலயே ஒரு ரகசியத்தைக் காப்பாத்தியிருக்கான்.

"அப்ப என்ன குறை உனக்கு? கட்டினவனே ஒண்ணும் சொல்லலியே"ன்னு கேட்டுட்டேன்.

ஜனவரியில பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா. நீளம் தாண்டுறதைப் பிள்ளைகளுக்குச் செஞ்சு காட்டியிருக்கா. ஓடிவந்து தாண்டினதுல பஞ்சு நழுவி மணல்ல விழுந்திருக்கு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு அதை எடுத்து, மண்ணைத் தட்டி, இவ கையில வச்சிட்டுத் திரும்பிப் போயிருச்சாம்.

"அந்தப் பிள்ளை யார்கிட்டயும் சொல்லல மதினி. ஆனா அன்னையிலேருந்து நான் தாண்டல. விசிலை மட்டும் ஊதிட்டு ஓரமா நிக்கிறேன். அவருக்காக இல்ல, ஊருக்காக இல்ல. எனக்குத் தாண்டணும்."

மதுரையில ஒரு டாக்டரம்மாவைத் தனியாப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டாளாம். ஆபரேஷன் பண்ணி உள்ள ஒண்ணை வைப்பாங்களாம். மே மாசம் லீவுல பண்ணிக்கிட்டா, பள்ளிக்கூடம் திறக்கிறப்போ நடமாட்டம் ஆயிரும்.

மாரி வேண்டாம்ங்கிறானாம். அது ஒண்ணுதான் மிச்சம்.

ஏப்ரல் 3

மாரிகிட்டப் பேசினேன். சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தான், ஒரு வாய் வைக்கல.

"எனக்கு அவ இப்படியே போதும்க்கா."

"உனக்குப் போதும்லே. அவளுக்குப் போதலியே."

"அம்மாவும் நடந்துதான் போச்சு ஆஸ்பத்திரிக்கு. நான்தான் கூடையைத் தூக்கிட்டுப் போனேன்."

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டாங்க, அம்மா திரும்பி முழிக்கல. அப்ப இவனுக்குப் பதினஞ்சு வயசு. நான் கட்டிப் போன சாத்தூர்ல இருந்து திரும்பி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு.

ஏப்ரல் 6

உளுந்து சரியில்ல, மாவு பொங்கவே இல்ல. ரெண்டு பேர் திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. வீட்டுலயும் யாரும் யார்கூடவும் பேசல.

ஏப்ரல் 12

செண்பகத்தோட மதுரைக்குப் போனேன். அந்த டாக்டரம்மாவை நாலு கேள்வி கேட்டு மடக்கிருவோம்னுதான் போனேன்.

சின்ன வயசுதான், கண்ணாடி போட்டிருக்காங்க. பொறுமையா படம் போட்டுக் காட்டினாங்க. மாருக்குக் கீழ மடிப்பு விழுற இடத்துல சின்னதாக் கீறி, சதைக்கு அடியில ஒரு பை மாதிரி வைப்பாங்களாம். உள்ள கெட்டியான சிலிக்கான். வலது பக்கத்துக்கு ஒத்தமாதிரி அளவு பார்த்து வைப்பாங்க. எல்லாம் மறைக்காமச் சொன்னாங்க. அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க, அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்காது. ஆயுசுக்கும் தாங்கும்னு கிடையாது, பின்னால மாத்த வேண்டி வரலாம். சில பேருக்குச் சுத்தியும் தழும்பு இறுகிக் கல்லு மாதிரி ஆகிறதும் உண்டு. அப்பப்ப ஸ்கேன் பார்க்கணும். தொட்டா உணர்ச்சி கொஞ்ச நாளைக்கு மங்கலா இருக்கும், சில பேருக்கு அப்படியே நின்னும் போகும்.

"பிள்ளை பிறந்தா பால் கொடுக்கலாமா?"ன்னு நான்தான் கேட்டேன். வலது பக்கம் ஒரு தடையும் இல்லன்னாங்க. "ஒரு பக்கப் பாலே பிள்ளைக்குப் போதும்மா."

மயக்க ஊசியையும் கேட்டேன். அம்மா கதையைச் சொன்னேன். அவங்க சிரிக்கல, பயப்படாதீங்கன்னு வாய் வார்த்தையும் சொல்லல. மயக்க டாக்டரையே கூப்பிட்டு உக்கார வச்சாங்க. அவர் இதயம், ரத்தம் எல்லாம் என்னென்ன பார்ப்போம்னு சொன்னாரு. அபாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன், ரொம்பக் குறைவுன்னு சொல்வேன்னாரு. உண்மையைச் சொன்னதால அந்த மனுஷனை நம்பினேன்.

கிளம்புறப்போ டாக்டரம்மா சும்மா பேச்சுக்குச் சொன்னாங்க, "ரெண்டு பக்கமும் வளர்ச்சி இல்லாதவங்களும் நிறைய பேர் வர்றாங்க. அது வியாதியே இல்லம்மா, உடம்பு வாகு. பல பேர்கிட்ட, உங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், நல்லாத்தான் இருக்கீங்கன்னு சொல்லி அனுப்பிருவேன்." எனக்குத் தாகமா இருந்துச்சு, வெளிய போய்த் தண்ணி குடிச்சேன்.

திரும்பி வந்தா செண்பகம் அந்தப் பையைக் கையில வச்சிருந்தா. மாதிரிக்குக் காட்டுறது. என்கிட்டயும் கொடுத்தா. நல்லாப் பிசைஞ்சு ஊற வச்ச பரோட்டா மாவு மாதிரி இருந்துச்சு. நர்ஸ் பிள்ளை வந்து "கொடுங்கம்மா"ன்னு கேக்கிற வரைக்கும் கையில வச்சிருந்தேன் போல.

ஏப்ரல் 21

நாள் குறிச்சாச்சு, மே நாலு. மாரி வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. "நான் வரமாட்டேன்"னு மட்டும் சொன்னான். "உன்னை யாரு வெத்தலைபாக்கு வச்சு அழைச்சா"ன்னேன்.

ஊருக்கு என்ன சொல்றதுன்னு ஒரு யோசனை. எதிர்வீட்டு பகவதிக்குத் தெரிஞ்சா பஸ் ஸ்டாண்டுக்குத் தெரிஞ்ச மாதிரி. "கிட்னியில கல்லுன்னு சொல்லிருவோம்"னேன். செண்பகம் சிரிச்சா. எம் மூளைக்கு எனக்கே பெருமையாப் போச்சு.

மே 4

ஆஸ்பத்திரி. உள்ள கூட்டிட்டுப் போறப்போ வளையலைக் கழட்டி என்கிட்டத் தந்தா. கோட்டையும் தந்தா. "மதினி, பயமா இருக்கு"ன்னா. "எனக்குந்தான்ட்டி. போய்ட்டு வா"ன்னேன். வேற என்ன சொல்ல?

ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தா, எதிர்த்த டீக்கடையில தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கான். சட்டையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. நான் போன வருஷம் எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை. இறங்கிப் போய் "என்னலே இங்க?"ன்னேன்.

"காயில் கம்பி வாங்க மதுரைக்கு வந்தேன்."

"கம்பியைக் காணோமே?"

உதடு கோணிருச்சு. நடுரோட்டுல வச்சு அழுதான். எனக்கும் அழுகை வந்துச்சு, ஆனா எனக்கு அழ வேற இடமே கிடைக்கலியான்னு அடக்கிக்கிட்டேன். கையைப் பிடிச்சு மேல கூட்டிட்டு வந்தேன். கண்ணு முழிச்சதும் அவ முதல்ல பார்த்தது இவனைத்தான். "கடை?"ன்னு கேட்டா. "மூடிட்டேன்"னான். மகராசி, மறுபடி தூங்கிட்டா.

அம்மா, உன் மருமக முழிச்சிட்டா.

மே 7

வீட்டுக்கு வந்தாச்சு. மல்லாக்கத்தான் படுக்கணும், கையைத் தூக்கக் கூடாது, எடை எடுக்கக் கூடாது. தலை சீவி விடுறது நான். மார்பை இறுக்கிப் பிடிக்கிற ஒரு பாடி போட்டு விட்டிருக்காங்க. இடது பக்கம் மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்குன்னு கவலைப்படுறா. போகப் போக இறங்கும்னு டாக்டரம்மா முதல்லயே சொன்னாங்க.

மே 9

என் மூளையில தீயை வைக்க! கிட்னிக் கல்லுன்னு சொன்னதும் ஊரே வாழைத்தண்டைத் தூக்கிட்டு வருது. பகவதி ரெண்டு தண்டு, பால்காரர் வீட்டுல ஒண்ணு, பள்ளிக்கூடத்து ஹெச்.எம். ஆள்கிட்டக் கொடுத்து விட்டது நாலு. முற்றத்துல அடுக்கி வச்சிருக்கு, கல்யாண வீடு மாதிரி. பகவதி சாறு பிழிஞ்சே கொண்டு வந்து "நான் பாக்க குடிக்கணும்"னு நிக்கா. செண்பகத்துக்கு ஆபரேஷன் நேரத்துல இதெல்லாம் எதுக்குன்னு நானே வாங்கிக் குடிச்சேன். "உங்களுக்கு எதுக்குக்கா?"ன்னா. "வர்றதுக்கு முன்னாடியே தடுக்கணும்ட்டி."

மே 12

இன்னைக்குப் பகவதி கேட்டா, "கல்லை எங்கக்கா? டப்பாவுல போட்டுக் கொடுத்திருப்பாகளே. எங்க சித்தப்பாவுக்குக் கொடுத்தாக."

திருதிருன்னு முழிச்சேன். "இந்தா எடுத்துட்டு வாரேன்"னு கொல்லைக்குப் போய், துளசித் தொட்டியில இருந்து ஒரு பொடிக் கல்லைப் பொறுக்கிக் கழுவி, மாத்திரை டப்பாவுல போட்டுக் கொண்டு வந்தேன். பகவதி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு நெஞ்சுல கை வச்சிட்டா. "ஆத்தாடி, இம்புட்டுப் பெருசா! பிள்ளை எப்படித் தாங்குச்சோ!" உள்ள செண்பகம் சிரிப்பை அடக்க முடியாம "அம்மா, தையல் வலிக்குதே"ன்னு கத்துறா. அந்த வலிச் சத்தத்தையும் பகவதி கல்லுக் கணக்குல சேர்த்துட்டா. வீட்டுக்காரருக்குக் காட்டணும்னு டப்பாவைக் கையோட கொண்டு போயிட்டா.

மே 15

முதுகும் தோளும் பிடிச்சு இழுக்குதுன்னு முனகிட்டு இருந்தா. பார்க்கப் பொறுக்கல. கல் உப்பைத் தோசைக்கல்லுல வறுத்துத் துணியில முடிஞ்சு ஒத்தடம் கொடுத்தேன். தோளுக்குக் கொடுத்துட்டு, நெஞ்சுலயும் கொஞ்சம் வைங்க மதினின்னா. தையல் பக்கம் போகாம மேல வச்சேன். "சூடே தெரியல மதினி, இதமா இருக்கு"ன்னா. இன்னும் கொஞ்சம் சூடு பண்ணிக் கொண்டு வந்தேன். நல்லாத் தூங்கினா.

மே 16

தோல் செவசெவன்னு இருக்கு. ரெண்டு இடத்துல கொப்புளம். நான்தான் சுட்டுட்டேன்.

உணர்ச்சி மங்கலா இருக்கும்னு டாக்டரம்மா எனக்கு நேராத்தான் சொன்னாங்க. அதனாலதான் அவளுக்குச் சூடு தெரியல. எனக்கும் தெரியல, இத்தனை வருஷமா அடுப்புல வெந்த கை. கேள்வி கேட்டு மடக்கப் போனவ, பதிலைக் காதுல வாங்காம வந்திருக்கேன்.

மாரி ஒரு காரை வாடகைக்கு எடுத்து அவனே ஓட்டினான். வழி நெடுகத் திட்டினான். "உன்னை யாருக்கா டாக்டர் வேலை பாக்கச் சொன்னா? எல்லாத்துலயும் உன் கையை வைக்கணுமா?" அவன் என்னைச் சத்தம் போட்டது இதுதான் முதல் தடவை. செண்பகம்தான், "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க. உங்களுக்குத் தைரியம் வர்றதுக்கு முன்னாடி எனக்குத் துணைக்கு வந்தது அவங்கதான்"னா.

டாக்டரம்மா பார்த்தாங்க. மேல் தோல்தான் வெந்திருக்கு, தையலுக்குப் போகலைன்னாங்க. ஆனா அதுல சீழ் பிடிச்சு உள்ள இறங்கினா வச்சதை எடுக்க வேண்டி வரும். எடுத்தா புண்ணெல்லாம் ஆறி மறுபடி வைக்க மாசக்கணக்காகும். ரெண்டு வாரம் கவனமாப் பார்க்கணும். காய்ச்சல் வந்தா உடனே வரணும். திட்டவே இல்ல அவங்க. திட்டியிருக்கலாம்.

மே 17

காய்ச்சல் இல்ல. எங்க ஊர் அம்மன் பேர்லயும் செண்பகம் உண்டு, அந்தக் கோயிலுக்குப் போனேன். உன் பேரை வச்சிருக்கிற பிள்ளைடி அவ, பார்த்துக்கோன்னு அதட்டிட்டு வந்தேன்.

மே 18

காய்ச்சல் இல்ல.

மே 20

மருந்து வச்சுக் கட்டுப் போட நர்ஸ் வர்றேன்னா. செண்பகம் வேண்டாம்னுட்டா. "மதினி போடுவாங்க."

"என் கையால வேண்டாம் தாயி. இந்தக் கை செஞ்சது போதும்"னேன்.

"அந்தக் கைதான் வேணும்"னு உக்காந்துட்டா.

போட்டேன். இன்னைக்குத்தான் நிதானமாப் பார்த்தேன். வீக்கம் வத்திட்டு வருது. இடதும் வலதும் டாக்டரம்மா சொன்ன மாதிரியே அக்கா தங்கச்சிதான். "அழகா இருக்குட்டி"ன்னு வாய்விட்டுச் சொன்னேன். கண்ணு நிறைஞ்சிருச்சு அவளுக்கு.

அப்புறம் கேட்டா. "மதினி, நீங்க ஏன் எப்பவும் அத்தை அளவுக்கே தைக்கிறீங்க? உங்களுக்கு அது பாதிக்கு மேல தொங்குது. மாராப்பை ரெண்டு மடிப்பாப் போட்டு மூடிக்கிறீங்க. நான் கோட்டு போட்டவ. எனக்குத் தெரியாதா?"

மருந்தை மூடி வச்சேன். கையைத் துடைச்சேன். சாத்தூர்க் கதையைச் சொன்னேன். கட்டிக்கிட்டுப் போன ஏழாவது மாசம் எதுக்குத் திரும்பி வந்தேன்னு. ஜாதகம் பொருந்தலைன்னுதான் ஊருக்குச் சொன்னது. அந்த ஆளு என்னை அவன் கூட்டாளிகளுக்கு முன்னால என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டான்னும் சொன்னேன். இங்க எழுத மாட்டேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லல. அந்த வருஷமே அம்மாவும் போயிட்டா, அவ ஜாக்கெட்டுக்குள்ள பூந்துக்கிட்டேன்.

செண்பகம் சிரிக்கல. ஐயோ பாவம்னும் சொல்லல. "அவன் இப்ப எங்க இருக்கான்?"னு கேட்டா. செத்துட்டான்னேன். "தப்பிச்சான்"னா. எனக்குச் சிரிப்பு வந்து விட்டுருச்சு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு.

மே 30

டாக்டரம்மா பார்த்துட்டாங்க. கொப்புளம் காய்ஞ்சிருச்சு, உள்ள ஒண்ணும் இறங்கல. எடுக்க வேண்டாம்! மாரி அந்த டாக்டரம்மா கால்ல விழப் போயிட்டான், பிடிச்சு இழுத்தேன். வர்ற வழியில சாத்தூர்ல வண்டியை நிறுத்தி சேவு வாங்கினான். பதினேழு வருஷத்துக்கு அப்புறம் அந்த ஊர் மண்ணுல இறங்கி நின்னேன். சேவு நல்ல காரம்.

ஜூன் 8

பகவதிக்குச் சந்தேகம். "கல்லு இடுப்புல. கையை ஏன்க்கா தூக்க மாட்டேங்குறா?" நான் ஊசி போட்ட கைன்னு ஒரு பொய்யை ஆரம்பிச்சேன்.

"மதினி, விடுங்க"ன்னு செண்பகமே வெளிய வந்தா. பகவதியைப் பக்கத்துல உக்கார வச்சு, பிறவியில எப்படி, பஞ்சு எப்படி, ஆபரேஷன் எப்படி, எல்லாத்தையும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துற மாதிரி சொன்னா. பகவதி வாயைத் திறந்தது மூடல. கடைசியில,

"அப்ப அந்தக் கல்லு?"ன்னா.

"துளசித் தொட்டியில கிடந்துச்சுட்டி"ன்னேன் நான்.

"அடிப்பாவி! எங்க வீட்டு மனுஷன் அதைப் பார்த்துப் பயந்து குடத்துத் தண்ணியைக் குடிச்சிட்டுத் திரியிறாரே!" எழுந்து போகப் போனவ திரும்பி வந்து செண்பகம் தலையைத் தடவினா. "சொல்லியிருந்தா வாழைத்தண்டுக்குப் பதிலா ஆட்டுக்கால் சூப்பு வச்சிருப்பேன்ல"ன்னு சொல்லிட்டுப் போனா. சாயங்காலம் வச்சும் கொண்டு வந்தா. ஊருக்குச் சொல்லுவாளோன்னு நினைச்சேன். இந்த நிமிஷம் வரைக்கும் சொல்லல. பகவதியை நான் சரியாக் கணிக்கலையோ என்னவோ.

ஜூலை 11

டாக்டரம்மா போன வாரமே ஓடலாம், குதிக்கலாம்னு சொல்லிட்டாங்க. "நீங்க வந்தாத்தான் தாண்டுவேன்"னு இவ பிடிவாதம். மாவை ஆளுகிட்ட விட்டுட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாரி வெளி கேட் பக்கத்துல நின்னான், மறுபடியும் கம்பி வாங்க வந்தானாம், பள்ளிக்கூடத்துல!

கோட்டு போடல அவ. பனியனும் பேன்ட்டும். பிள்ளைகளை ஓரமா நிக்க வச்சுட்டு, தூரத்துல இருந்து ஓடி வந்தா. மணல்ல வந்து விழுந்தா, எந்திரிச்சா, மண்ணைத் தட்டினா. பிள்ளைகளெல்லாம் கை தட்டுச்சு. அதுல ஒரு பிள்ளை மட்டும் கை தட்டாம, மத்தவளை இடிச்சுக்கிட்டு முன்னால வந்து, "டீச்சர், இன்னொரு தடவை!"ன்னு கத்துச்சு. அந்தப் பிள்ளையை செண்பகம் எனக்குக் காட்டவே வேண்டியிருக்கல.

இன்னொரு தடவையும் தாண்டினா.

ஜூலை 13

செண்பகத்துக்குப் புது அளவு எடுக்கணும், பழைய அளவு ஜாக்கெட் இனி உதவாது. கிரேஸ் கடைக்குப் போனோம். கிரேஸ் அளந்துட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே துணி, ஒரே வெட்டு, பஞ்சு கிடையாது"ன்னு சிரிச்சா. மாம்பழக் கலர் சேலைக்கு இப்பவாச்சும் ஜாக்கெட் தைக்கலாம்.

"உங்களுக்கும் ஒண்ணு வேணும்னீங்களேக்கா, அம்மா ஜாக்கெட்டைக் கொடுங்க."

"கொண்டு வரல."

கிரேஸ் செண்பகத்தைப் பார்த்தா. செண்பகம் வாசல்ல தொங்குற நூல்கண்டை எண்ணுற மாதிரி திரும்பிக்கிட்டா.

மாராப்பை எடுத்துத் தோள்ல போட்டேன். கையைத் தூக்கினேன். "அளந்துக்கோ"ன்னேன். டேப்பு சில்லுன்னு இருந்துச்சு. கிரேஸ் சுத்திப் பிடிச்சா, பார்த்தா, மறுபடி பிடிச்சா. அப்புறம் டேப்பைச் சுருட்டிக்கிட்டே கேட்டா.

"அக்கா, இத்தனை வருஷமா நான் யாருக்குத் தைச்சேன்?"

"எங்க அம்மாவுக்கு"ன்னேன்.

ஜூலை 19

புது ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு மாவு விக்க உக்காந்தேன். மாராப்பு ஒத்தை மடிப்புத்தான். மாரி கடைக்குக் கிளம்புறப்போ பார்த்தான், "நல்ல கலருக்கா"ன்னு மட்டும் சொல்லிட்டு வண்டியை எடுத்தான்.

பகவதி பாத்திரத்தோட வந்தவ என்னையே ஏற இறங்கப் பார்த்தா.

"என்னக்கா, திடீர்னு இப்படி இளைச்சுட்டீங்க? அம்புட்டு வாழைத்தண்டையும் நீங்களே குடிச்ச வேலையா?"

"இளைக்கலட்டி"ன்னேன். "எப்பவும் நான் இவ்வளவுதான்."

ரெண்டு கரண்டி மாவு கூடுதலா ஊத்திக் கொடுத்தேன்.